துணைநூற்பட்டியலை இணையக் கருவிகளால் தயாரிப்பது எப்படி: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாணவி என்னிடம் வந்தார். அறுபது பக்கம், நன்றாகவே எழுதியிருந்தார். மூன்றாவது அத்தியாயத்தில் மொத்த வாதத்தையும் தாங்கி நிற்கிற மேற்கோள் ஒன்று இருந்தது, அது எங்கிருந்து எடுத்தது என்று அவருக்கே நினைவில்லை. நோட்டில் அந்த வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. எழுதியவர் பெயரும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. மதியம் உட்கார்ந்தவர்கள் இருட்டும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டு அத்தியாயத்தின் பாதியைத் திரும்ப எழுத வேண்டியதாகிவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டியை யாரிடம் கொடுத்தாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவேன். இணையக் கருவிகள் பட்டியலை அழகாக அடுக்கித் தரும், காற்புள்ளி முற்றுப்புள்ளி வரை பார்த்துக்கொள்ளும், ஆனால் படிக்கும்போதே நீங்கள் பிடித்து வைக்காததை எந்தக் கருவியாலும் பின்னால் தேடிக் கொண்டுவர முடியாது. கீழே வரும் படிகள் எல்லாம் கட்டுரை எழுத ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, நீங்கள் முதல் பக்கத்தைப் படிக்கும் அன்றே தொடங்குகின்றன.

கருவிக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு சான்றில், அதாவது எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று காட்டும் குறிப்பில், இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று தகவல்: யார் எழுதியது, எந்த ஆண்டு, தலைப்பு, எந்த ஆய்விதழ், தொகுதி எண், இதழ் எண், பக்கங்கள். இன்னொன்று வடிவம்: எது முன்னால் வரவேண்டும், ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவதா, தலைப்பைச் சாய்வெழுத்தில் போடுவதா. கருவிகள் தகவலை ஓர் இடத்திலிருந்து எடுத்து, வடிவத்தை வேறோர் இடத்திலிருந்து எடுத்து, இரண்டையும் பொருத்தித் தருகின்றன.

தகவல் பெரும்பாலும் ஓர் அடையாள எண் வழியாக வருகிறது. ஆய்வுக்கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற எண் உண்டு, எப்போதும் 10 என்று தொடங்கி ஒரு புள்ளி வைத்திருக்கும். பதிப்பாளர்கள் ஒவ்வொரு கட்டுரையின் விவரத்தையும் கிராஸ்ரெஃப் போன்ற பதிவு அமைப்புகளிடம் கொடுத்து இந்த எண்ணைப் பதிவு செய்கிறார்கள். கிராஸ்ரெஃப் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. புத்தகங்களுக்கு ஐஎஸ்பிஎன், பின்னட்டையில் பார்கோடு பக்கத்தில் இருக்கும். 2007 முதல் 13 இலக்கம், அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம். மருத்துவக் கட்டுரைகளுக்குப் பப்மெட் எண் தனியாக இருக்கும். இந்த எண்களில் ஒன்றைக் கொடுத்தால் கருவி அந்தந்தத் தரவுத்தளத்தில் போய் விவரத்தை வாங்கிவந்துவிடும்.

வடிவம் சிஎஸ்எல் என்ற பொதுவான விதிமொழியில் எழுதப்பட்டிருக்கிறது. சான்றுகளைச் சேர்த்து அடுக்கித் தரும் ஜோட்டெரோ, மெண்டலி என்ற கருவிகள் இரண்டுமே இதைத்தான் பயன்படுத்துகின்றன, இதில் 10,000க்கும் மேற்பட்ட பாணிகள், அதாவது சான்று எழுதும் முறைகள், இலவசமாகக் கிடைக்கின்றன. பலர் சேர்ந்து வருடக்கணக்கில் திருத்தித் திருத்தி வைத்திருக்கிற விதிகள் அவை. எனவே கருவி தரும் பட்டியலில் காற்புள்ளி தப்பாக இருப்பது அபூர்வம். பெயரோ, ஆண்டோ, தலைப்போ தப்பாக இருப்பதுதான் அன்றாடம் நடக்கிறது, ஏனென்றால் தரவுத்தளத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வந்து விழுகிறது. மாணவர்கள் பட்டியலைப் பார்க்கும்போது கண் காற்புள்ளியில் நிற்கிறது. பார்க்க வேண்டியது பெயரையும் ஆண்டையும்.

முதல் வேலை: எந்தப் பாணி என்று கேளுங்கள்

உங்கள் துறையிலோ வழிகாட்டியிடமோ கேட்டுவிடுங்கள். உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் பக்கம் பெரும்பாலும் ஏபிஏ, இலக்கியத்துக்கு எம்எல்ஏ, வரலாற்றுக்குச் சிகாகோ பாணியின் அடிக்குறிப்பு முறை, மருத்துவத்துக்கு வான்கூவர், பொறியியலுக்கு ஐஇஇஇ. எத்தனையாவது பதிப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஏபிஏ ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது, எம்எல்ஏ ஒன்பதாம் பதிப்பு 2021இல், சிகாகோ பதினெட்டாம் பதிப்பு 2024இல். கருவிகளின் பட்டியலில் பழைய பதிப்பும் புதியதும் அடுத்தடுத்து இருக்கும், அவசரத்தில் பழையதை அழுத்திவிடுவோம். ஏபிஏ என்றால் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: புத்தகச் சான்றில் பதிப்பகம் இருக்கிற ஊரின் பெயர் வந்திருந்தால் அது ஆறாம் பதிப்பு. ஏழில் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டார்கள்.

சின்னக் கட்டுரைக்கு: ஜோட்டெரோபிப்

பத்துப் பதினைந்து சான்றுகள் உள்ள ஒரு கட்டுரைக்கு எதையும் நிறுவத் தேவையில்லை. ஜோட்டெரோபிப் என்ற தளம் போதும். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், விளம்பரமும் கிடையாது. இதே வேலையைச் செய்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன, சிலவற்றில் விளம்பரங்களுக்கு நடுவே சரியான பொத்தானைத் தேடுவதே தனி வேலையாகிவிடும், அதனால் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

ஒரு கட்டுரையை வைத்தே செய்து பார்ப்போம். தளத்தின் தேடல் பெட்டியில் 10.1145/3065386 என்று ஒட்டிவிட்டுச் சான்று பொத்தானை அழுத்துங்கள். செயற்கை நுண்ணறிவுத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற இமேஜ்நெட் கட்டுரை வந்து நிற்கும். ஏபிஏ பாணியைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

க்ரிஷெவ்ஸ்கி, ஏ., சட்ஸ்கெவர், ஐ., & ஹின்டன், ஜி. இ. (2017). இமேஜ்நெட் கிளாசிஃபிகேஷன் வித் டீப் கன்வல்யூஷனல் நியூரல் நெட்வொர்க்ஸ். கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம், 60(6), 84–90.

இதன் கடைசியில் டிஓஐ ஒரு முழு இணைய முகவரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். 60 என்பது தொகுதி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் 6 இதழ் எண், 84 முதல் 90 வரை பக்கங்கள். பாணியை எம்எல்ஏ என்று மாற்றிப் பாருங்கள், முதல் ஆசிரியரின் முழுப்பெயர் வந்து, மற்ற இருவரும் ‘மற்றும் பலர்’ என்று சுருங்கிவிடுவார்கள், ஆண்டு பின்னால் போய்விடும். தகவல் அதேதான், உடை மட்டும் மாறியிருக்கிறது.

இப்போது அந்த 2017ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்த ஆய்வு முதலில் 2012இல் ஒரு மாநாட்டில் வெளிவந்தது. ஐந்து வருடம் கழித்து ஆய்விதழில் மறுபடியும் அச்சானது. மாணவர் மாநாட்டுக் கட்டுரையின் பிடிஎஃபைப் படித்திருப்பார், டிஓஐயைத் தேடும்போது ஆய்விதழ்ப் பதிப்பு கிடைக்கும், பட்டியலில் 2017 ஏறிவிடும், தன் கட்டுரையின் உடலில் ‘2012இல் வெளியான இந்த ஆய்வு’ என்று எழுதியிருப்பார். திருத்துபவர் கேட்பார். கருவி தவறே செய்யவில்லை, நீங்கள் கொடுத்த எண்ணுக்கு உரிய விவரத்தைத்தான் கொண்டுவந்தது. எந்தப் பிரதியைக் கையில் வைத்துப் படித்தீர்களோ அதற்குத்தான் சான்று காட்ட வேண்டும், ஏனென்றால் பக்க எண்கள் அந்தப் பிரதியோடுதான் பொருந்தும்.

ஜோட்டெரோபிப்பில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பட்டியல் உங்கள் உலாவிக்குள் மட்டும்தான் சேமிக்கப்படுகிறது. கல்லூரிக் கணினி அறையில் உட்கார்ந்து செய்தால், அடுத்தவர் உலாவியின் தரவை அழிக்கிற நிமிடம் எல்லாம் போய்விடும். எழுந்து போவதற்கு முன் அந்தப் பட்டியலுக்கு ஓர் இணைப்பை உருவாக்கி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்து அதைத் திறந்து தொடரலாம். தளத்திலேயே அதற்கான வசதி இருக்கிறது.

பெரிய வேலைக்கு: ஜோட்டெரோ

ஆய்வேடு, திட்ட அறிக்கை, ஒரு பருவம் முழுக்க நீளும் வேலை என்றால் ஜோட்டெரோ செயலியையே நிறுவிக்கொள்ளுங்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்தில் 2006இல் தொடங்கியது, இன்றும் இலவசம், மூலநிரல் திறந்தது. மெண்டலியும் நல்ல கருவிதான், உங்கள் வழிகாட்டியும் நண்பர்களும் அதைப் பயன்படுத்தினால் தாராளமாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஜோட்டெரோவைச் சொல்வது அது எந்த நிறுவனத்தின் சந்தாவையும் நம்பியில்லாமல் படிப்பு முடிந்த பிறகும் உங்களோடு இருக்கும் என்பதால்.

இரண்டு பொருள்களை நிறுவ வேண்டும். ஒன்று கணினியில் ஓடும் செயலி. இன்னொன்று உலாவியில் சேர்க்கிற கனெக்டர் என்ற நீட்டிப்பு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இரண்டாவதை விட்டுவிட்டு, ‘ஜோட்டெரோவில் எல்லாம் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதே’ என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வேலை இப்படிப் போகும். ஒரு கட்டுரையின் பக்கத்தைத் திறக்கிறீர்கள், உலாவியின் மேல்மூலையில் கனெக்டரின் சின்னம் ஒரு தாளைப் போலவோ புத்தகத்தைப் போலவோ மாறும், அதை அழுத்துகிறீர்கள், விவரமும், கிடைத்தால் பிடிஎஃபும், உங்கள் நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடும். தேடல் முடிவுகள் பக்கத்தில் இருந்தால் சின்னம் ஒரு கோப்புறையாகத் தெரியும், வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து மொத்தமாகச் சேர்க்கலாம். கையில் அச்சுப் புத்தகம் இருந்தால் செயலியில் மந்திரக்கோல் போன்ற பொத்தான் இருக்கிறது, அதில் ஐஎஸ்பிஎன்னைத் தட்டினால் போதும். ஏற்கெனவே பதிவிறக்கிய பிடிஎஃப்கள் குவிந்து கிடக்கின்றனவா, இழுத்துப் போடுங்கள், கோப்புக்குள்ளிருந்தே விவரத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். ஸ்கேன் செய்த படமாக இருக்கிற பிடிஎஃபில் இது நடக்காது, அதைக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

கணக்குத் தொடங்கினால் 300 எம்பி இலவச இடம் தருகிறார்கள். அது இணைத்து வைக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான் கணக்காகும், நூல் விவரங்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அந்த இடத்தைத் தின்னாது. எனவே இடம் நிறைந்துவிட்டால் கோப்புகளின் ஒத்திசைவை (சிங்க்) மட்டும் அணைத்துவிட்டு விவரங்களின் ஒத்திசைவை ஓடவிடுங்கள்.

படிப்பதையும் அதற்குள்ளேயே செய்யுங்கள். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃபை ஜோட்டெரோவுக்குள்ளேயே திறந்து வரிகளுக்கு வண்ணம் பூசலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்புகளை ஒன்றாகத் திரட்டும்போது ஒவ்வொரு வரியோடும் எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்பது தானாக ஒட்டிக்கொண்டு வரும். தொடக்கத்தில் சொன்ன மாணவிக்கு இந்தப் பழக்கம் மட்டும் இருந்திருந்தால் அந்த அத்தியாயம் பிழைத்திருக்கும்.

கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமும் சான்று தருமே என்று கேட்பீர்கள். தரும். ஒவ்வொரு முடிவுக்குக் கீழேயும் மேற்கோள் குறி இருக்கிறது, அழுத்தினால் எம்எல்ஏ, ஏபிஏ, சிகாகோ, ஹார்வர்ட், வான்கூவர் ஐந்திலும் காட்டும். ஆனால் அதில் டிஓஐ இருக்காது, சில நேரம் இதழ் எண்ணும் விடுபட்டிருக்கும். கட்டுரையைக் கண்டுபிடிக்க ஸ்காலர், விவரத்தைச் சேமிக்கக் கட்டுரையின் சொந்தப் பக்கம், இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த உடனே சரிபாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு சான்றையும் சேர்த்த அந்த நிமிடமே, மூலப் பக்கம் கண்முன் திறந்திருக்கும்போதே, வலப்பக்க விவரப் பலகையை மேலிருந்து கீழ் ஒருமுறை பாருங்கள். ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகும். கடைசியில் நாற்பதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று விட்டால் ஒவ்வொன்றையும் மறுபடி தேடித் திறக்க வேண்டியிருக்கும்.

முதலில் வகை. எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆய்விதழ்க் கட்டுரை’, ‘புத்தகம்’, ‘வலைப்பக்கம்’, ‘அறிக்கை’ என்று ஒரு வரி இருக்கும். ஓர் அரசு அறிக்கையை இணையத்திலிருந்து எடுத்ததாலேயே அது வலைப்பக்கம் ஆகிவிடாது. வகை தப்பாக இருந்தால் பாணி தப்பான விதியை எடுத்துக்கொள்ளும், அறிக்கை எண்ணும் வெளியிட்டவர் பெயரும் பட்டியலில் வரவே வராது.

அடுத்தது பெயர், அதிகம் சறுக்குகிற இடம். கருவி ஒவ்வொரு பெயரையும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து வைக்கிறது. எழுதியவர் ஓர் அமைப்பாக இருந்தால் அதையும் விடாமல் பிரிக்கும். உலக சுகாதார அமைப்பு என்பது ‘அமைப்பு, உ. சு.’ என்று பட்டியலில் நிற்பதை நானே திருத்தியிருக்கிறேன். ஜோட்டெரோவில் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும், முழுப்பெயரையும் அதில் எழுதுங்கள். குடும்பப் பெயரே இல்லாமல் முன்னெழுத்தும் பெயரும் மட்டும் உள்ள ஆசிரியர்களுக்கும் கவனம் தேவை: தரவுத்தளத்தில் முன்னெழுத்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தால், அகரவரிசையில் அவர் தப்பான எழுத்துக்குக் கீழே போய்விடுவார், உடலில் வெறும் ‘கே., 2015’ என்று ஒற்றை எழுத்து நிற்கும். அவர் தன் புத்தகத்தின் முகப்பில் எப்படிப் போட்டுக்கொள்கிறாரோ அதைப் பார்த்து மாற்றுங்கள். ஒரே ஆசிரியரை எல்லாச் சான்றிலும் ஒரே மாதிரி வையுங்கள். ஒன்றில் முழுப்பெயர், ஒன்றில் சுருக்கம் என்றால் கருவி இரண்டு ஆட்களாக எடுத்துக்கொள்ளும்.

வலைப்பக்கங்களில் ஆசிரியர் பெயர் ‘அட்மின்’ என்று வரும். அப்படி ஒருவர் கிடையாது. பக்கத்தின் மேலேயோ அடியிலேயோ உண்மையான பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தத் தளத்தை நடத்துகிற அமைப்பின் பெயரைப் போடுங்கள். தலைப்பின் வாலில் ஒரு நெடுங்கோடு போட்டுத் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டுங்கள். இன்னொரு விசித்திரமும் நடக்கும். சில தளங்கள் வருகிறவர் மனிதரா என்று சோதிக்க ஒரு காத்திருப்புப் பக்கத்தைக் காட்டும், சான்று தளம் அந்தப் பக்கத்தையே பிடித்துக்கொண்டு வந்துவிடும், ‘ஒரு நிமிடம் பொறுங்கள்’ என்பது கட்டுரையின் தலைப்பாக உங்கள் பட்டியலில் ஏறிவிடும். அச்சாகும்வரை யாரும் கவனிக்காமல் போன ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத் தலைப்புகளுக்கு மட்டும் ஒரு வேலை. ஏபிஏ பாணியில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லும், துணைத்தலைப்பின் முதல் சொல்லும், ஊர், ஆள் போன்ற சிறப்புப் பெயர்களும்தான் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், எம்எல்ஏவில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும். ஜோட்டெரோவால் சிறிய எழுத்தைப் பெரியதாக்க முடியும், திரும்பச் சிறியதாக்க அதற்குத் தெரியாது, ஏனென்றால் எது சிறப்புப் பெயர் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் நூலகத்தில் எப்போதும் ஏபிஏ மாதிரியே சேமித்து வையுங்கள். தலைப்பின் மேல் வலச்சொடுக்கினால் மாற்றும் வசதி இருக்கிறது, மாற்றிய பிறகு ஊர்ப்பெயர், ஆள்பெயர்களை மட்டும் கையால் சரிசெய்தால் போதும்.

புத்தகம் என்றால் பதிப்பையும் மொழிபெயர்ப்பாளரையும் பாருங்கள். ஐஎஸ்பிஎன் ஒவ்வொரு பதிப்புக்கும் வேறு, உங்கள் கையில் இருப்பது மூன்றாம் பதிப்பாகவும் தேடி எடுத்தது இரண்டாம் பதிப்பாகவும் இருக்கலாம். சில நூல்கள் எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது. அவற்றுக்குக் கையால் நிரப்பும் படிவத்தைத் திறந்து, புத்தகத்தின் உள்முகப்பையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து எழுதுங்கள், அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள்.

கட்டுரைக்குள் சான்றைச் செருகுவது

ஜோட்டெரோவை நிறுவும்போதே வேர்டு, லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் ஒரு பட்டை வந்துவிடும். கூகுள் டாக்ஸ் என்றால் கனெக்டர் அதற்கு ஒரு மெனுவைச் சேர்க்கும், எழுதும்போது கணினியில் ஜோட்டெரோவும் திறந்திருக்க வேண்டும்.

எழுதிக்கொண்டே வருகிறீர்கள், சான்று வரவேண்டிய இடத்தில் கர்சரை வைத்துச் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள், ஒரு தேடல் பெட்டி வரும், ஆசிரியர் பெயரில் நாலு எழுத்தைத் தட்டினால் கீழே வரிசையாகக் காட்டும், தேர்ந்தெடுங்கள். அப்படியே விட்டுவிடாமல், தேர்ந்த பெயரின் மேல் ஒருமுறை சொடுக்குங்கள், பக்க எண்ணுக்கான கட்டம் திறக்கும். நேரடி மேற்கோளுக்குப் பக்க எண் கட்டாயம். நம் உதாரணக் கட்டுரைக்கு ‘(க்ரிஷெவ்ஸ்கி மற்றும் பலர், 2017, ப. 86)’ என்று வந்து நிற்கும். மூன்று பேர் இருந்தாலே முதல் முறையிலிருந்தே ‘மற்றும் பலர்’ என்பது ஏபிஏ ஏழின் விதி, அதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

கட்டுரையின் கடைசியில் பட்டியல் சேர்க்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். அதன்பின் நீங்கள் உடலில் எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பட்டியல் தானாக மாறும். பட்டியலில் பிழை தெரிந்தால் அங்கேயே கைவைக்காதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்து பழைய பிழை திரும்பிவிடும். ஜோட்டெரோவுக்குப் போய் மூல விவரத்தில் திருத்துங்கள்.

கருவியால் முடிவெடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது, எங்கே சான்று போடுவது என்பது. அடுத்தவரின் கருத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதினாலும் சான்று வேண்டும். இரட்டை மேற்கோள் குறி இல்லாததால் அது உங்களுடையதாகிவிடாது. இன்னொன்று, ஒரு கட்டுரைக்குள் எடுத்துக்காட்டப்பட்ட வேறொரு பழைய ஆய்வை நீங்கள் பார்க்கவே இல்லை என்றால், அந்தப் பழையதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உடலில் ‘இன்னாரின் கட்டுரையில் எடுத்துக்காட்டப்பட்டபடி’ என்று எழுதிவிட்டு, படித்ததை மட்டும் பட்டியலில் வையுங்கள். முடிந்தால் மூலத்தையே தேடிப் படிப்பது இன்னும் நல்லது, பலமுறை மூலம் வேறு எதையோ சொல்லியிருக்கும்.

மறையும் பக்கங்கள்

வலைப்பக்கம் இன்று இருக்கும், திருத்துபவர் சொடுக்கும் நாளில் இருக்காது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதில் ‘இப்போதே சேமி’ என்ற பெட்டியில் முகவரியை ஒட்டினால் தேதியோடு ஒரு நிரந்தரப் பிரதி உருவாகும். முக்கியமான வலைப்பக்கங்களுக்கு இதைச் செய்து, அந்த முகவரியை ஜோட்டெரோவின் குறிப்புப் பகுதியில் போட்டு வையுங்கள். அடிக்கடி மாறும் பக்கங்களுக்குப் பார்த்த தேதியையும் போடுங்கள். மாறாத பக்கத்துக்கு ஏபிஏ அதைக் கேட்பதில்லை. விக்கிப்பீடியாவை எடுத்துக்காட்ட அனுமதி இருந்தால், பக்கத்தின் கருவிகள் பட்டியலில் நிலையான இணைப்பு இருக்கிறது, நீங்கள் படித்த அதே வடிவத்தை அது காட்டும்.

செயற்கை நுண்ணறிவு தரும் சான்றுகள்

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் ‘இந்தத் தலைப்பில் ஐந்து ஆய்வுகள் சொல்’ என்று கேட்டால் ஆசிரியர், ஆண்டு, ஆய்விதழ், பக்கம் எல்லாம் அச்சுப்போலத் தரும். அதில் சில உலகத்திலேயே இல்லாதவையாக இருக்கும். 2023இல் நியூயார்க்கில் இப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத ஆறு வழக்குகளை நீதிமன்ற மனுவில் எடுத்துக்காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. படித்துத் தேர்ந்த வழக்கறிஞர்களுக்கே அது நடந்தது.

எனவே அங்கிருந்து வந்த ஒவ்வொன்றையும் இப்படிச் சோதியுங்கள். டிஓஐயை டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் ஒட்டுங்கள். எண் இல்லை என்று சொன்னால் சந்தேகம். எண் திறந்தாலும் நிம்மதியடைய வேண்டாம், தலைப்பை ஒப்பிடுங்கள், ஏனென்றால் இல்லாத கட்டுரைக்கு வேறு யாருடைய உண்மையான எண்ணையோ ஒட்டித் தருவதும் நடக்கிறது. டிஓஐ இல்லையென்றால் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரிலும் கிராஸ்ரெஃபிலும் தேடுங்கள், அப்புறம் அந்த ஆய்விதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கத்தைப் பாருங்கள். மூன்றிலும் இல்லையென்றால் தயங்காமல் நீக்கிவிடுங்கள். அந்தக் கருவியையே எழுத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் அதை எப்படிக் குறிப்பிடுவது என்று ஏபிஏவும் எம்எல்ஏவும் 2023இலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டன, ஆனால் உங்கள் கல்வி நிறுவனத்தின் விதி என்ன என்பதை முதலில் கேளுங்கள்.

இருக்கிற கட்டுரையும் சாகலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. பழைய பிடிஎஃப் உங்கள் கணினியில் இருந்தால் அதில் இந்தச் செய்தி இருக்காது. ஜோட்டெரோ, ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றுக்குச் சிவப்பு எச்சரிக்கை போட்டுவிடும். அந்த எச்சரிக்கையைக் கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள்.

கற்றுக்கொடுப்பவர்களுக்கு

நீங்கள் ஆசிரியர் என்றால் முடிந்த பட்டியலுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். ஜோட்டெரோவில் குழு நூலகம் ஒன்றை இலவசமாகத் தொடங்கி வகுப்பை அதில் சேருங்கள். சிறிய வகுப்பு என்றால் ஜோட்டெரோபிப் இணைப்பை வாங்கிக்கொண்டாலே போதும். இரண்டாவது வாரத்திலேயே ஐந்து சான்று சேர்க்கச் சொல்லுங்கள், அதில் ஒன்றைத் திரையில் திறந்து எல்லோருமாகப் பிழை தேடுங்கள். கருவி தந்ததையும் மூலப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்த மாணவர் அதன்பின் கருவியைக் கண்மூடி நம்ப மாட்டார். விதிகளை மனப்பாடம் செய்யவைத்து நான் வீணாக்கிய வகுப்புகளைவிட அந்தப் பதினைந்து நிமிடம் அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அனுப்புவதற்கு முன்

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். மூலத்தில் ஜோட்டெரோவின் தொடர்பு அப்படியே இருக்கட்டும், நகலில் மட்டும் தொடர்பைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்துங்கள், சான்றுகள் வெறும் எழுத்தாக மாறும், வேறு கணினியில் திறந்தாலும் குலையாது. இதை மூலக் கோப்பில் செய்துவிட்டால் திரும்ப இணைக்க வழியில்லை, நாளை வழிகாட்டி பாணியை மாற்றச் சொன்னால் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, வருகிற ஒவ்வொரு சான்றின் பெயரையும் ஆண்டையும் வாசியுங்கள், அவர் பட்டியலின் அச்சுப் பிரதியில் பென்சிலால் குறிக்கட்டும். முடிவில் குறியில்லாமல் நிற்பவை, நீங்கள் பட்டியலில் கையால் சேர்த்துவிட்டு உடலில் பயன்படுத்தாதவை. வாசித்தும் பட்டியலில் கிடைக்காதவை, அவசரத்தில் செருகாமல் தட்டச்சு செய்தவை. இரண்டையும் மூலக் கோப்பில் சரிசெய்து, புதிதாக ஒரு நகல் எடுத்து, அதைப் பிடிஎஃபாக்கி அனுப்புங்கள்.